மலர்விழி வீட்டுக் காப்பர்

மலர்விழி முதன்முதலில் பிரித்துப் பார்த்தது தன் கல்யாணச் சீரில் வந்த மிக்ஸியைத்தான். கொரோனா ஊரடங்கு தளர்ந்து கடைகள் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டிருந்த நேரம். காலையில் சட்னி அரைத்துக்கொண்டிருந்தபோது மிக்ஸி ஒரு முறை உறுமிவிட்டு, கருகிய வாடையோடு நின்றுபோனது. ரிப்பேர் கடைக்கு எடுத்துப் போனாள். மெக்கானிக் அதைத் திருப்பி, அடிப்பக்கத்தை மோந்து பார்த்தார்.

"காயில் போயிடுச்சும்மா. இதுக்குச் செலவு பண்றதுக்குப் புதுசே வாங்கிடலாம்."

புதுசு வாங்கக் காசு இல்லை. பழசையாவது காசாக்கலாம் என்று திரும்பும் வழியில் காயலான் கடையில் நிறுத்தினாள். கடைக்காரர் சிவப்பிரகாசம் மிக்ஸியைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு ஒரு விலை சொன்னார். ஒரு பால் பாக்கெட்டுக்குக்கூடக் காணாத விலை.

"அவ்ளோதானா? உள்ள காப்பர் இருக்குதுல்ல?"

"இருக்குதும்மா. யாரு பிரிக்கறது? நீயே பிரிச்சு எடுத்துகினு வந்தீன்னா காப்பருக்குத் தனி விலை போட்டுத் தரேன்."

அவர் பேச்சுவாக்கில் சொன்னது அது. மலர்விழி மிக்ஸியைத் திரும்ப வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள்.

வீட்டில் இருந்தது ஒரு திருப்புளி, ஒரு சுத்தியல், தேங்காய் உடைக்கும் கொடுவாள். மதியச் சோறு ஆக்கியதும் பின்புறம் துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்தாள். இரண்டு திருகாணி தலை தேய்ந்து வழுக்கியது. மூன்றாவதைக் கொடுவாள் முனையால் நெம்பினாள். மூடி உடைந்து தெறித்தது. உள்ளே கறுப்பு அரக்குப் பூசி இறுகிக்கிடந்த கம்பிச் சுருளை வெட்டி இழுக்க இழுக்க, உள் மடிப்புகளில் கருகாத கம்பி சிவப்பாக மின்னியது. சாயங்காலம் கைப்பிடியளவு கம்பியை ஒரு கேரி பேகில் கட்டிக்கொண்டு மறுபடி கடைக்குப் போனாள். சிவப்பிரகாசம் சிரித்தார். சிரித்தாலும் சொன்ன சொல் மாறாமல் எடை போட்டுக் கொடுத்தார். பெரிய தொகை இல்லை. ஆனால் முழு மிக்ஸிக்கு அவர் முதலில் சொன்னதைவிடப் பல மடங்கு.

மலர்விழி பிறந்தது மேல்பட்டாம்பாக்கத்தில். அவள் அப்பா நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிப்போகும் லாரியில் லோடுமேன். பத்தாவது முடித்ததும் ஜவுளிக்கடையில் இரண்டு வருஷம் நின்றாள். பிறகு வடக்குத்து என்கிற ஊரில் செல்வகுமாருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அது பக்கத்து நிலக்கரிச் சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த குடும்பம். செல்வகுமாரின் அப்பாவுக்கு மைன்ஸில் வேலை கிடைத்திருந்தது. அவர் ரிடையர் ஆன அன்றோடு பெர்மனென்ட் என்கிற சொல் அந்த வீட்டைவிட்டுப் போய்விட்டது. மகன்கள் செல்வகுமாரும் சுதாகரும் கான்ட்ராக்டில்தான் உள்ளே போய் வருகிறார்கள். கழுத்தில் தொங்கும் கேட் பாஸ்தான் இரண்டு குடும்பத்துக்கும் சோறு. மலர்விழிக்கு ஒரே பெண், தமிழ்நிலா. கடலூரில் காலேஜுக்குப் பஸ்ஸில் போய் வருகிறாள்.

மிக்ஸிக்குப் பிறகு பக்கத்து வீட்டு டேபிள் ஃபேன் வந்தது. அதற்கப்புறம் எதிர்வீட்டு அயர்ன் பாக்ஸ். வீட்டில் இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கும் பழசை யாராவது வந்து எடுத்துப்போனால் போதும் என்றுதான் பாதிப் பேர் இருந்தார்கள். மலர்விழி வேலையைப் பாதி தப்புப் பண்ணியும், மீதியை மகளின் போனில் வீடியோ பார்த்தும் கற்றுக்கொண்டாள். போனில் வந்த ஆட்கள் முக்கால்வாசி இந்தியில் பேசினார்கள். பேச்சு புரியாது, கைகளைப் பார்ப்பாள். எங்கே உளி வைக்கிறான், எந்தப் பக்கம் தட்டுகிறான் என்று பார்த்துவிட்டு மறுநாள் அப்படியே செய்வாள். ஒரு முறை பழைய மோட்டாரின் கண்டென்சரைத் தெரியாமல் தொட்டு, கை தோள்பட்டைவரை மரத்துப்போய் அரை நாள் உட்கார்ந்திருந்தாள். அதற்குப் பிறகு மரப்பிடி போட்ட திருப்புளியை இரண்டு முனைக்கும் குறுக்கே வைத்து, 'சட்'டென்று பொறி பறந்து அடங்கிய பிறகுதான் கை வைப்பாள்.

ஆரம்பத்தில் வயரை எல்லாரும் செய்வதுபோல எரித்துத்தான் பிளாஸ்டிக்கை எடுத்தாள். ஒரு நாள் அந்தக் கறும்புகை காற்றில் திரும்பி, பக்கத்து வீட்டில் காய்ந்துகொண்டிருந்த குழந்தைத் துணியிலெல்லாம் கரி படிந்துவிட்டது. குழந்தையும் ராத்திரி முழுக்க இருமியது. அந்த வீட்டுக்காரி சண்டைக்கு வரவில்லை. துணியை மட்டும் கொண்டுவந்து காட்டிவிட்டுப் போனாள். மலர்விழி அன்றோடு எரிப்பதை நிறுத்திவிட்டாள். கத்தியால் நீளவாக்கில் கீறி உரிப்பது நேரம் பிடிக்கும் வேலை. இடது கட்டைவிரலில் எப்போதும் ஒரு வெட்டு இருந்துகொண்டே இருக்கும். ஆனால் எரியாத கம்பிக்கு விலையும் கூடுதல் என்பது பிறகுதான் தெரிந்தது.

பெரிய வரவு சுரங்க ஊழியர்கள் குடியிருக்கும் டவுன்ஷிப்பிலிருந்துதான் வந்தது. அங்கே ஒவ்வொரு மாதக் கடைசியிலும் யாராவது ரிடையர் ஆகிறார்கள். குவார்ட்டர்ஸைக் காலி செய்துகொண்டு திருநெல்வேலிக்கோ கோயம்புத்தூருக்கோ கிளம்பும்போது, முப்பது வருஷமாகப் பரணில் ஏற்றிவைத்ததெல்லாம் கீழே இறங்கும். முதலில் கூப்பிட்டவர் கமலா. கணவர் சண்முகசுந்தரம் மைன்ஸில் இன்ஜினியர், ரிடையர் ஆக இன்னும் சில வருஷம் இருந்தது; ஈரோட்டுப் பக்கத்துக் குடும்பம். கமலா ஒரு பழைய ஏர்கூலரைக் கொடுத்துவிட்டு, மலர்விழி அதைத் தன் எக்ஸெல் மொபெட்டில் கயிறு போட்டுக் கட்டுவதை வாசலில் நின்று பார்த்தார்.

"இத எடுத்துட்டுப் போய் என்ன பண்ணுவ கண்ணு?"

"பிரிப்பேங்க. இரும்பு தனி, அலுமினியம் தனி, காப்பர் தனி."

"நீயேவா?"

"ஆமாங்க."

"எங்க வீட்டுக்காரரு ஒரு பல்பு மாட்டறதுக்கே ஆள் கூப்பிடுவாரு," என்றார் கமலா. அவர்தான் தன் பிளாக்கில் மற்றவர்களுக்கும் மலர்விழியின் நம்பரைக் கொடுத்தது.

இப்படியாக மூன்று வருஷத்தில் வீட்டுப் பின்புறம் ஒரு தினுசாக மாறிவிட்டது. பெயின்ட் வாளிகள் வரிசையாக நிற்கும். ஒன்றில் காப்பர், ஒன்றில் பித்தளை, பெரிய டிரம்மில் அலுமினியம், சுவரோரம் இரும்பு. பழைய ஸ்பீக்கரில் கழற்றிய காந்தம் ஒன்றைக் கயிற்றில் கட்டி ஆணியில் மாட்டியிருந்தாள். எதுவாக இருந்தாலும் முதலில் காந்தத்தைக் காட்டிப் பார்ப்பாள். புது மோட்டார்களில் அலுமினியக் கம்பிக்கே செம்பு நிறம் பூசிச் சுற்றியிருப்பார்கள். அதைக் கத்தியால் சுரண்டிப் பார்ப்பாள். கேஸ் சிலிண்டரும் தமிழ்நிலாவின் பஸ் செலவும் அந்த வாளிகளிலிருந்துதான் போயின. செல்வகுமார் முதலில், "இன்னா மலரு, வூட்டக் காயலான் கடை ஆக்கிட்ட" என்று முனகினான். பிறகு அவனே ஷிப்ட் முடிந்து வந்து கனமான மோட்டார்களைப் பிளந்து கொடுக்க ஆரம்பித்தான்.

போன வருஷம் மாசி மாதம் அது நடந்தது. டவுன்ஷிப்பில் ஒரு வீட்டுப் பரணைக் காலி செய்து கொடுத்துவிட்டு மலர்விழி மதியம் திரும்பினாள். பின்புறம் தார்ப்பாயின் கீழே அவள் வைக்காத ஒரு அரிசிச் சாக்கு மூட்டை இருந்தது. வாயைச் சணல் போட்டு இறுக்கிக் கட்டியிருந்தது. தூக்கப் பார்த்தாள், அசையவில்லை. அவிழ்த்தாள். முழங்கை நீளத்துக்கு வெட்டிய கேபிள் துண்டுகள். மேலே தடித்த கறுப்பு ரப்பர், வெட்டிய முனையில் விரல் கனத்துக்குச் செம்புத் திரிகள். ரப்பரில் சேறு காயாமல் ஒட்டியிருந்தது. வீட்டுச் சாமானில் இப்படி ஒரு வயர் கிடையாது. சுரங்கத்தில் மண் வெட்டும் பெரிய மிஷின்களுக்குப் பின்னால் இழுபட்டுப் போகும் கேபிள் இது என்று அவளுக்கு யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை. வடக்குத்தில் எல்லாருக்கும் தெரியும்.

யார் வைத்தது என்றும் தெரியும். பின்பக்கத் தட்டியைத் திறந்துகொண்டு உள்ளே வரும் ஆள் ஒருத்தன்தான். போன் போட்டாள். நைட் ஷிப்ட் முடித்துத் தூங்கிக்கொண்டிருந்த கொழுந்தன் சுதாகர் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து நின்றான்.

"இன்னாடா இது?"

"சத்தம் போடாதீங்க அண்ணி. ரெண்டு நாள் இருக்கட்டும். நீங்க உங்க காப்பரோட கலந்து கொஞ்சம் கொஞ்சமாப் போட்டுடுங்க. ஆளுக்குப் பாதி."

"எங்கேருந்து எடுத்த?"

"திருடல. சேத்துல கெடந்துச்சு. அறுந்துபோன துண்டு, மாசக்கணக்கா அங்கியே கெடக்குது. நாளைக்கு மேல மண்ணு வந்து வுழுந்தா பூமிக்குள்ளதான் போவும். யாருக்கு இன்னா நஷ்டம்?"

"எடுத்துகினு போன்னு யாராவது சொன்னாங்களா?"

"கெடக்கற சாமானுக்கு யாரு சொல்லணும்?" அவனுக்குக் கோபம் வந்தது. "நீங்க மட்டும் இன்னா பண்றீங்க? வூடு வூடாப் போயி, கெடக்கறதத்தான வாரிகினு வந்து ஒடைக்கறீங்க? நீங்க செஞ்சா தொழிலு, நான் செஞ்சா திருட்டா?"

 அவன் சொன்னதில் எங்கேயோ சரி இருப்பதுபோல மலர்விழிக்கும் பட்டது. அவிழ்ந்த மூட்டை வாயைச் சணலால் மறுபடி இறுக்கிக் கட்டினாள்.

"என் கையில குடுத்ததத்தான் நான் வாங்கிகினு வரேன் சுதாகரு. அந்த டிரம்முல கெடக்கற ஒவ்வொண்ணும் யாரு குடுத்தாங்கன்னு என்னால சொல்ல முடியும். இத யாரு குடுத்தாங்கன்னு நான் சொல்லட்டும்? எடுத்துகினு போயிடு."

"பட்டப்பகல்ல எப்படி எடுத்துகினு போறது? செக்யூரிட்டி வண்டி சுத்திகினே இருக்குது."

"எடுத்துகினு வரும்போது தெரியலயா?"

அவன் தட்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டான். மூட்டை அங்கேயே இருந்தது.

செல்வகுமார் ஷிப்ட் முடிந்து வந்ததும் சொன்னாள். அவன் தலையில் கை வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டான். தம்பிமேல் வந்த கோபத்தைவிடப் பயம்தான் அவனுக்கு அதிகம். இரண்டு பேருடைய பாஸும் ஒரே நாளில் போய்விடும்.

"முந்திரித் தோப்புல எங்கியாவது போட்டுட்டு வந்துடறேன்," என்றான்.

"போட்டா நாளைக்கு எவனாவது எடுத்து அதே காயலான் கடைக்குத்தான் போவான். அவனப் புடிச்சா, எங்க எடுத்தன்னு கேப்பாங்க. வடக்குத்துத் தோப்புலன்னு சொன்னா, மொதல்ல யாரு வூட்டுக் கதவத் தட்டுவாங்க? காப்பர் ஒடைக்கற வூடு இந்த ஊர்ல எத்தினி இருக்குது?"

"அப்போ இன்னா பண்றது?"

"நானே கொண்டுபோயி செக்யூரிட்டி போஸ்ட்ல குடுத்துடறேன். வூட்டுப் பின்னால முள்ளுல கெடந்துச்சுன்னு சொல்றேன்."

"உனக்கு இன்னா பைத்தியமா? நான் வரேன்."

"நீங்க வரக்கூடாது. உங்க ரெண்டு பேருக்கும் பாஸ் இருக்குது. எங்கிட்ட இன்னா இருக்குது புடுங்கறதுக்கு?"

மறுநாள் காலையில் சமையலை முடித்துவிட்டு, செல்வகுமாரும் அவளுமாக மூட்டையை எக்ஸெலில் ஏற்றிக் கட்டினார்கள். வண்டியின் பின்டயர் அமுங்கியது. டவுன்ஷிப் ரோட்டில் காலேஜ் பிள்ளைகளும் ஆபீஸ் போகிறவர்களும் போய்க்கொண்டிருந்தார்கள். தெரிந்தவர்கள் கையாட்டினார்கள், வழக்கம்போல ஏதோ பழைய சாமான் கொண்டுபோகிறாள் என்று நினைத்திருப்பார்கள். அவளுக்கு முதுகு முழுக்க வேர்த்திருந்தது.

போஸ்ட்டில் நின்ற காவலருக்குத் தமிழ் தெரியாது. மூட்டையைப் பிரித்துப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது. அவளை ஒரு பெஞ்சில் உட்காரச் சொல்லிப் போன் செய்தார். ஒரு அதிகாரி வந்தார். தெக்கத்திக்காரர் என்பது பேச்சிலேயே தெரிந்தது. கூடவே ஒரு பெண் காவலரும் வந்து மலர்விழிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

"எங்கன கெடந்துச்சு?"

"எங்க வூட்டுப் பின்னால சார். கருவேல முள்ளுக்குள்ள."

"வந்து காட்டு."

ஜீப்பில் அவளை ஏற்றிக்கொண்டு வந்தார்கள். அவள் முள் மறைவில் ஒரு இடத்தைக் காட்டினாள். அதிகாரி குனிந்து தரையைத் தொட்டுப் பார்த்தார். வெயிலில் மண் வெடித்துக் கிடந்தது.

"மூட்டையில சேறு ஈரம் காயல. இங்க தரை பொருபொருன்னு இருக்கு." அவர் அவள் முகத்தைப் பார்த்தார். "யாரைம்மா காப்பாத்துற?"

மலர்விழி தலை குனிந்துகொண்டாள். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவளின் பொய்யில் இரண்டாவது கேள்விக்குப் பதில் இருக்காது. 

"சாமான் வந்து சேந்துடுச்சு இல்லீங்களா சார்," என்றாள் கடைசியில்.

"அப்ப உன் வீட்டைப் பாக்கணும்."

பார்த்தார்கள். வாளிகளைக் கவிழ்த்தார்கள். டிரம்மைச் சாய்த்தார்கள். வரிசை வரிசையாகப் பிரித்து வைத்திருந்ததெல்லாம் முற்றத்தில் ஒன்றோடொன்று கலந்து குவிந்தது. தெரு முழுக்க வேலிக்கு வெளியே வந்து நின்றது. ஒவ்வொரு பொருளாக எடுத்து, இது எங்கே வாங்கியது, இது யார் வீடு என்று கேட்டார்கள். மலர்விழி சொல்லிக்கொண்டே வந்தாள். அதிகாரி இரண்டு வீட்டு நம்பரை வாங்கி, ஸ்பீக்கரில் போட்டே பேசினார்.

கமலா முதல் மணியிலேயே எடுத்தார். "ஆமாங்க, நான்தான் குடுத்தேன். ஏர்கூலரு, கிரைண்டரு, ரெண்டு ஃபேனு. எதுக்குங்க கேக்கறீங்க? அவ நல்ல பொண்ணுங்க. வேணும்னா நான் நேர்ல வர்றேன்."

இரண்டாவது நம்பர் பார்வதி என்பவருடையது. முந்தின நாள்தான் மலர்விழி அவர் வீட்டுப் பரணில் ஏறி, தூசியில் தும்மித் தும்மிக் காலி செய்து கொடுத்தாள். அவர் வீட்டிலேயே காபியும் குடித்தாள். பார்வதி, செக்யூரிட்டி என்ற சொல்லைக் கேட்டதும் கொஞ்சம் தயங்கினார். பிறகு, "எனக்கு அப்படி யாரையும் தெரியாதுங்களே" என்று சொல்லி வைத்துவிட்டார்.

 மலர்விழி முதன்முறையாக அப்போதுதான் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பெண் காவலர் தன் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

கேபிள் துண்டு வேறு எதுவும் கிடைக்கவில்லை. கிடைத்ததெல்லாம் மயிரிழை போன்ற காயில் கம்பியும் வீட்டு வயரும்தான். சாயங்காலம் அதிகாரி கிளம்பும்போது, "கொண்டுவந்து குடுத்ததுனால இதோட விடுதேன். இன்னொரு தடவை இந்தப் பக்கம் கேபிள் வந்துச்சுன்னா இப்படிப் பேசிட்டு இருக்க மாட்டேன். யார்கிட்ட சொல்லணுமோ சொல்லிரு" என்றார். ஷிப்ட் முடிந்து வந்து நின்ற செல்வகுமாரின் கழுத்தில் தொங்கிய பாஸை அவர் பார்த்துக்கொண்டே சொன்னதாக மலர்விழிக்குத் தோன்றியது.

கலந்து கிடந்ததை மறுபடி பிரிக்க அவளுக்கு வாரக்கணக்கில் ஆனது. அதைவிட மற்றதுதான் கஷ்டமாக இருந்தது. மலர்விழி வீட்டில் ரெய்டு என்பது ஊர்ப் பேச்சானது. எதற்கு, எப்படி என்பதெல்லாம் அந்தப் பேச்சில் இல்லை. சிவப்பிரகாசம் அவளைக் கடைக்கு உள்ளே கூப்பிட்டு, மெதுவாகச் சொன்னார்: "தப்பா எடுத்துக்காதம்மா. கொஞ்ச நாளைக்குக் காப்பர் வேணாம். இரும்பு, அலுமினியம் எது வேணாலும் எடுத்துகினு வா." அவர் பயம் அவருக்கு. டவுன்ஷிப்பில் வழக்கமாகக் கூப்பிடும் வீடுகள் கூப்பிடவில்லை. ஏற்கெனவே வந்து கிடந்ததை உரித்த காப்பர் வாளியில் ஏறிக்கொண்டே போனது. அதை விற்கவும் முடியாமல் வீட்டில் வைக்கவும் பயந்து, கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்தாள்.

சுதாகர் பேச்சை நிறுத்திவிட்டான். அவன் பெயரை அவள் கடைசிவரை சொல்லவில்லை என்பது அவனுக்குத் தெரியும். ஆனாலும் செக்யூரிட்டியிடம் போனாள் என்பதே அவனுக்குப் போதுமாக இருந்தது. அவன் மனைவி சந்திரா தெருக்குழாயில் குடத்தை வைத்துக்கொண்டு, "சொந்தக் கொழுந்தன ஜெயிலுக்கு அனுப்பப் பாத்தவங்க" என்று காதில் விழுகிறமாதிரி சொன்னாள். மலர்விழி பாதி நிறைந்த குடத்தோடு திரும்பி வந்துவிட்டாள். வைகாசியில் திருவதிகை கோயிலில் சுதாகரின் பிள்ளைக்குக் காது குத்து நடந்தது. பத்திரிகை செல்வகுமார் கையில் மட்டும் கொடுக்கப்பட்டது. அவன் தனியாகப் போய், பெரியப்பன் முறைக்குச் செய்யவேண்டியதைச் செய்துவிட்டு, பந்தியில் உட்காராமல் திரும்பி வந்து வீட்டில் பழைய சோறு கேட்டான்.

"நீங்களாவது சாப்ட்டு வந்திருக்கலாம்ல?"

"எப்டி மலரு எறங்கும்?"



தொழிலை விட்டுவிடலாமா என்று அந்த மாதங்களில் நிறைய நினைத்தாள். முந்திரிக் கம்பெனியில் கொட்டை உடைக்க ஆள் எடுத்தார்கள்; விசாரித்துவிட்டுக்கூட வந்தாள். அந்த நேரத்தில்தான் கமலா போன் செய்தார்.

"என்ன கண்ணு, ஆளையே காணோம்?"

"இல்லீங்க, நான் வந்தா உங்களுக்கு ஏதாவது பேச்சு வரும்..."

"எனக்கென்ன பேச்சு வரப்போகுது? நீ எதுக்கு ஒளிஞ்சுக்கற? மாடியில ரெண்டு சீலிங் ஃபேனு, ஒரு கெய்சரு கெடக்குது. நாளைக்கு வந்து எடுத்துட்டுப் போ. பக்கத்து வீட்டு அம்மாவும் வாஷிங் மெஷின் குடுக்கறாங்களாம். நான் சொல்லிட்டேன்."

மறுநாள் போனாள். கெய்சரைக் கீழே இறக்கும்போது கமலாவே ஒரு பக்கம் பிடித்தார். அன்று திரும்பி வந்து அதைப் பிரிக்க உட்கார்ந்தபோது, கை தானாக ஸ்பேனரைத் தேடியது. முந்திரிக் கம்பெனிக்குப் போகவில்லை. சிவப்பிரகாசமும் சில வாரம் கழித்து, "அந்தக் காப்பர எடுத்துகினு வாம்மா, பாத்துக்கலாம்" என்றார். பார்வதி வீட்டுப் பக்கம் மட்டும் அவள் பிறகு போகவில்லை. பஜாரில் எதிரே பார்த்தால் இருவரும் லேசாகத் தலையசைத்துக்கொள்வார்கள்; நின்று பேசுவதில்லை.

ஆடி மாதத்தில் ஒரு நாள், சுதாகரோடு வேலை பார்த்த நான்கைந்து பேர் கேட்டில் பிடிபட்டார்கள். பைக் சீட்டுக்கு அடியிலும் சாப்பாட்டுப் பையிலும் கேபிள் துண்டு. பாஸ் போனது, கேஸும் ஆனது. அவர்கள் வீட்டுப் பெண்கள் ஸ்டேஷன் வாசலில் நின்றதை ஊரே பார்த்தது. செய்தி வந்ததும் மலர்விழி சுதாகரைப் பற்றித்தான் முதலில் கேட்டாள். செல்வகுமார் போன் போட்டு விசாரித்தான். அந்தக் கூட்டத்தில் சுதாகர் இல்லை. மாசிக்குப் பிறகு அவன் நிறுத்திக்கொண்டானா, அன்றைக்கு மட்டும் தப்பித்தானா என்று அவள் கேட்கவும் இல்லை, அவன் சொல்லவும் இல்லை.

அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், வாசலில் பைக் ஹாரன் அடித்தது. பின்பக்கத் தட்டி வழியாக வரும் சுதாகர் அன்று முன்வாசலில் நின்றான். பெட்ரோல் டேங்கின் மேல் ஒரு தண்ணீர் மோட்டாரை வைத்துத் தாங்கிப் பிடித்திருந்தான். இறங்கி, அதை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு உள்ளே வந்து, மலர்விழியின் முன்னால் வைத்தான்.

"மோட்டாரு நின்னுபோச்சு அண்ணி. மூணு நாளா வூட்ல தண்ணி இல்ல. காயில் போயிடுச்சுன்னு கடையில சொல்றான். வேணும்னா நீங்க பிரிச்சு எடுத்துக்கங்க."

மலர்விழி அவனைப் பார்க்காமல் மோட்டாரைப் பார்த்தாள். மோந்து பார்த்தாள், கருகல் வாடை இல்லை. ஷாஃப்டைத் திருகினாள். திரும்பவில்லை. ஸ்பேனரை எடுத்து மூடியைக் கழற்றினாள். சுதாகர் எதிரில் குந்தி உட்கார்ந்து, அவள் கேட்காமலே மோட்டாரை ஆடாமல் பிடித்துக்கொண்டான். மூடி வந்ததும் உள்ளே கம்பிச்சுருள் புத்தம் புதுசுபோல மினுமினுத்தது.

"காயில் நல்லாத்தான் இருக்குது. பேரிங்தான் துருப்புடிச்சு இறுகிக்கினு இருக்குது. இத ஒடைக்க வேணாம். ரெண்டு பேரிங் வாங்கியாந்தா போதும்."

"நெசமாவா?"

"திருகிப் பாரு. சுத்தாத மோட்டாருல எப்டித் தண்ணி ஏறும்?"

அவன் பழைய பேரிங்கைக் கையில் வாங்கிக்கொண்டு எழுந்தான். உடனே போகாமல் நின்றான்.

"அன்னிக்கு நீங்க எம்பேரச் சொல்லியிருந்தீங்கன்னா..."

"சொல்லல இல்ல. வுடு. கடை சாத்திடப் போறான், போ."

அவன் பேரிங் வாங்கி வந்தான். இரண்டு பேருமாக மாட்டினார்கள். செல்வகுமார் தூங்கி எழுந்து வந்து, தம்பி உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, உள்ளே போய் டீ போட்டுக்கொண்டு வந்தான். சுதாகர் டீயைக் குடித்துவிட்டு, மோட்டாரைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு கிளம்பினான்.

சாயங்காலம் மலர்விழி, டவுன்ஷிப்பிலிருந்து வந்திருந்த ஒரு வாஷிங் மெஷினின் டிரம்மைக் கழற்றிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. சந்திராவின் நம்பர். எடுக்கலாமா வேண்டாமா என்று கொஞ்சம் பார்த்துவிட்டு எடுத்தாள்.

அந்தப் பக்கம் மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது.

"அக்கா, தண்ணி ஏறுதுக்கா," என்றாள் சந்திரா.

"ஏறுதா? டேங்க் நெறைஞ்சதும் மறக்காம நிறுத்திடு. புது பேரிங், கொஞ்ச நாளைக்குச் சத்தம் போடும். பயப்படாத."

"சரிக்கா."

போனை வைத்துவிட்டு மலர்விழி மறுபடி ஸ்பேனரை எடுத்தாள். வாஷிங் மெஷினின் மோட்டார் நல்ல கனமாக இருந்தது. அதைப் பிளக்கச் செல்வகுமாரைக் கூப்பிட்டாள்.